மூட வேண்டிய கண்

எழுபத்தி ரெண்டா, எழுபத்தி மூணான்னு சரியா ஞாபகம் இல்ல. தை மாசம்ங்கிறது மட்டும் நிச்சயம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்ல ஒத்தைத் தறி. வீட்டுக்காரர் நெய்வாரு. நான் நூல் சுத்திக் குடுப்பேன், தறியில இருந்து அறுத்த சேலையை மடிச்சு முதலாளி வீட்டுக்குக் கொண்டு போவேன். அப்போ எனக்கு இருபத்தியொரு வயசு. இடுப்புல ஆறு மாசப் பொண்ணு, தலைச்சன்.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்கு மேல நிக்கும். அந்தக் கோபத்தால முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொண்ணுக்கு நான் என்ன பண்ணி வெச்சேன்கிறதை இத்தனை வருஷமா யாருகிட்டயும் முழுசா சொன்னதில்ல. இப்போ சொல்லிடணும்னு தோணுது.

பாப்பா பொறந்தப்போ இடது கண் இமை மேல ஒரு சிவப்புப் புள்ளி இருந்துச்சு. எறும்பு கடிச்ச தடம் மாதிரி, அவ்ளோதான். ஒரு மாசத்துல அது பட்டாணி அளவு ஆச்சு. மூணாம் மாசம் நெல்லிக்காய் அளவு. அரக்குச் சிவப்பு. தொட்டா மெத்துனு இருக்கும், குழந்தை அழுதா இன்னும் கறுத்து உப்பிக்கும். அந்த பாரத்துல இமை இறங்கி, கண்ணு பாதிக்கு மேல மூடிக்கிச்சு. கீழ ஒரு கீத்து மாதிரிதான் கருவிழி தெரியும்.

தெருவுல கேக்காதவங்க இல்ல. "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" "கிரகணம் பிடிச்சிருக்கும்போது வெத்தலை ஏதாவது கிள்ளினியா?" ஒருத்தி ஒரு படி மேல போய், "மாசமா இருக்கும்போது சாயப் பட்டறை பக்கம் போயிருப்பே, சிவப்புச் சாயம் தெறிச்சிருக்கும்"னா. நானும் அதை நம்பினேன். ஏழாம் மாசத்துல ஒரு நாள் சாயம் ஏத்தின பட்டு நூலை வெயில்ல உதறிக் காயப் போட்டது ஞாபகம் வந்துச்சு. அதுதான், நான்தான் என் புள்ள மூஞ்சியைக் கெடுத்தேன்னு நெனைச்சு நெனைச்சு அழுவேன்.

ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். நல்ல மனுஷன். விரலால அழுத்திப் பார்த்துட்டு, "பயப்படாதீங்கம்மா, இது ரத்தக் குழாய்ல வர்ற கட்டி. கெட்ட கட்டி இல்ல. முகத்துல இந்த அளவுக்கு வர்றது அபூர்வம். கொஞ்ச நாள் வளரும், அப்புறம் தானா வாடிப் போயிடும். சூடு வைக்கிறேன், அறுத்து எடுக்கிறேன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. ஆனா கண்ணு மேல இருக்குது. மெட்ராசுக்குப் போய் ஒரு தடவை காட்டிடுங்க"ன்னாரு.

இதுல முதல் பாதிதான் எங்க காதுல ஏறிச்சு. தானா போயிடும். அப்பாடான்னு வீட்டுக்கு வந்துட்டோம். மெட்ராஸ் சமாசாரத்தை 'பொங்கல் போகட்டும்', 'தறியில ஏத்தின இந்தப் பாவு நூல் முடியட்டும்'னு தள்ளிக்கினே வந்தோம். தை பொறந்தா கல்யாண சீசன். தறியை நிறுத்திட்டு யாரு போறது?

இங்க என் கைப்பழக்கத்தைப் பத்திச் சொல்லணும். சேலை மடிக்கிறதுல நான் கெட்டிக்காரி. நெய்யும்போது எங்கனா ஒரு இழை தடிச்சு நிக்கும், ஒரு இடத்துல லேசா இடைவெளி விழும். மனுஷன் கை தானே. நான் மடிக்கிற மடிப்புல அந்த இடம் உள்ளாற போயிடும். பிரிச்ச உடனே கண்ணுல படாது. முதலாளி எப்படியும் கண்டுபிடிச்சிடுவாரு, ஆனா முதல் பார்வையில தப்பிச்சிடலாம். தெருவுல மத்த பொம்பளைங்க கூட சேலையைத் தூக்கிக்கினு என்கிட்ட வருவாங்க, 'நீ மடிச்சுக் குடுமா'ன்னு.

அதையேதான் என் பொண்ணுக்கும் செஞ்சேன். முதல்ல பெரிய மைப்பொட்டா வெச்சுப் பார்த்தேன், மறையல. அப்புறம் பழைய வேட்டியை அகலமா கிழிச்சு, கட்டியும் அந்தக் கண்ணும் சேர்ந்து மறையற மாதிரி இடது பக்கமா தலையைச் சுத்திக் கட்டிட்டேன். கேக்கறவங்ககிட்ட "கண்ணு வலி"ன்னுடுவேன். 'ஐயோ பாவம்'னு போயிடுவாங்க. அந்த அருவருப்புப் பார்வை இல்ல, கிரகணக் கேள்வி இல்ல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. போகப் போக வீட்லயும் அவுக்கிறதில்ல. ஒன்றரை மாசம் அப்படியே ஓடிச்சு.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். மாம்பழக் கலர் உடம்பு, அரக்கு பார்டர் போட்ட ஒரு சேலையை எடுத்துக்கினு முதலாளி வீட்டுக்குப் போனேன். கூடத்துல பாய் விரிச்சு, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஒரு கூட்டம் உக்காந்திருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா, பொண்ணோட அம்மா, கூட ரெண்டு பொம்பளைங்க, நடுவுல கல்யாணப் பொண்ணு. லட்சணம்னா அப்படி ஒரு லட்சணம். துடைச்சு வெச்ச குத்துவிளக்கு மாதிரி மூஞ்சி.

நான் குடுத்த சேலையை முதலாளி அப்படியே அவங்க முன்னாடி பிரிச்சாரு. அந்தப் பொண்ணு அதுல கைய வெச்சவ எடுக்கல. "இது நல்லா இருக்குது"ன்னு மெதுவாச் சொன்னா. தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, பார்டரை வலது பக்கம் கொண்டு போய்ப் பார்த்தா. யாரோ காபி நீட்டினப்போ கை டம்ளருக்கு முன்னாடியே நின்னுடுச்சு. ரெண்டாந்தரம் துழாவின மாதிரி பிடிச்சா. கூச்சம் போலன்னு நெனைச்சேன்.

"குழந்தைக்கு என்ன?"ன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க. "கண்ணு வலிம்மா"ன்னு நான் சொல்லி வாய மூடல, பாப்பா கைய வுட்டு இழுத்ததுல துணி அவுந்து கழுத்துல விழுந்துச்சு. ஒன்றரை மாசத்துல வேர்வையும் புழுக்கமும் சேர்ந்து கட்டி இன்னும் சிவந்து கெடந்துச்சு. "ஐயய்யோ"ன்னு அந்தம்மா பின்னால நகந்தாங்க. "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல..."ன்னு முணுமுணுத்தாங்க. முதலாளி வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில எனக்கு உடம்பு கூசிப் போச்சு. விடுவிடுன்னு பின்பக்கம் கெணத்தடிக்குப் போயிட்டேன். திரும்பத் துணியைக் கட்ட ஆரம்பிச்சேன்.

பின்னாலயே அந்தக் கல்யாணப் பொண்ணு வந்தா, கை கழுவற சாக்குல.

"அக்கா, கட்டாதீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எத்தினி நாளா கட்டிக்கினு இருக்கீங்க?"

"உனக்கு எதுக்கு அது?"

அவ பதில் சொல்லாம கிட்ட வந்து, தன் உள்ளங்கையால பாப்பாவோட கட்டி இருக்கிற கண்ணை மெல்ல மூடினா. பாப்பா அவளைப் பார்த்து சும்மா இருந்துச்சு. அப்புறம் நல்ல கண்ணை மூடினா. அவ்ளோதான், கைய தட்டி வுட்டு, தலையை அப்படி இப்படித் திருப்பி வீல்னு ஒரே அழுகை. எடுத்ததும் நின்னுடுச்சு.

"பாருங்கக்கா. இந்தக் கண்ணு இப்பவே பார்க்கறதை மறந்துக்கினு வருது. எனக்கும் இதே கட்டி, இதே இடத்துல இருந்துச்சு. கட்டி போயிடும். கண்ணுதான் போயிடும். மூடாதீங்க"ன்னு குசுகுசுன்னு சொன்னா.

நான் என்ன பண்ணியிருக்கணும்? கைய பிடிச்சு விவரம் கேட்டிருக்கணும். ஆனா கூடத்துல பட்ட அவமானம் உள்ள கொதிச்சுக்கினு இருக்குது. அவ மூஞ்சியைப் பார்க்குறேன், ஒரு மச்சம் கூட இல்ல. இவளுக்கு இதே கட்டி இருந்துச்சாம்! எனக்கு வந்துச்சே கோபம்.

"யாருகிட்ட கதை வுடற? உன் மூஞ்சியில ஒரு தழும்பு காட்டு பார்க்கலாம்! என் புள்ள கண்ணு போயிடும்னு சொல்றதுக்கு நீ யாரு? பெத்தவ வயித்தெரிச்சல் உனக்கு வெளையாட்டாப் போச்சா?"

அடித்தொண்டையில கத்தினேன். அவ பதறிப் போய், "மெதுவா பேசுங்கக்கா, உங்களைக் கும்புடறேன்"ன்னா. எதுக்கு மெதுவா பேசச் சொல்றான்னு கூட யோசிக்கல நான். இன்னும் கத்தினேன்.

பின்வாசப்படியில மாப்பிள்ளையோட அம்மா வந்து நின்னாங்க. அவங்க தோளுக்குப் பின்னால பொண்ணோட அம்மா.

"என்ன அங்க சத்தம்? என்னம்மா சொன்ன நீ அவகிட்ட?"

இப்போ நெனைச்சாலும் அந்த நேரம் அப்படியே கண்ணுல நிக்குது. அவ 'ஒண்ணுமில்லத்தே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிருக்கலாம். அவ அம்மா பின்னால நின்னுக்கினு 'வேணாம், வேணாம்'னு தலையை ஆட்டறாங்க. அவ அந்தம்மாவைப் பார்த்தா, தன் அம்மாவைப் பார்த்தா, அப்புறம் என் இடுப்புல இருந்த பாப்பாவைப் பார்த்தா. பாப்பா பாதி கட்டின துணியைச் சப்பிக்கினு இருந்துச்சு.

அவ என் பக்கம் திரும்பி, தன் வலது கண்ணை உள்ளங்கையால மூடிக்கினா.

"அக்கா, இப்போ எனக்கு உங்க மூஞ்சி தெரியல. நீங்க நிக்கறது ஏதோ நிழல் மாதிரி தெரியுது, அவ்ளோதான். சின்ன வயசுல இமை மேல கட்டி இருந்துச்சு. யாரும் பார்க்கக் கூடாதுன்னு எங்கம்மா நாலு வருஷம் துணி கட்டி வெச்சாங்க. கட்டி தானா போயிடுச்சு. துணியை அவுத்தப்போ இந்தக் கண்ணுல பார்வை இல்ல."

ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி, எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னா. மாப்பிள்ளையோட அம்மா திரும்பி, "உண்மையா?"ன்னு அவ அம்மாவைக் கேட்டாங்க. அந்தம்மா முந்தானையை வாயில வெச்சுக்கினு அப்படியே உக்காந்துட்டாங்க.

அதுக்கப்புறம் யாரும் பட்டு எடுக்கல. பாய்ல பிரிச்ச சேலைங்க பிரிச்சபடி கெடக்க, கூட்டம் எழுந்து போயிடுச்சு. கடைசியா போனவ அவதான். என்கிட்ட வந்து, "நாளைக்கே மெட்ராஸ் போங்கக்கா. எனக்கு யாரும் சொல்றதுக்கு இல்லாமப் போச்சு"ன்னா. என் வாய் அப்போ எங்க போச்சுன்னு தெரியல. பேரு கூட கேக்கல நான். முதலாளி வீட்டம்மா, "உன் வாயால ஒரு கல்யாணத்தையே நிறுத்திட்டியேடி"ன்னாங்க. உண்மைதானே.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட அழுதுக்கினே சொன்னேன். அவர் அதிகம் பேசற ஆள் இல்ல. புள்ளையோட நல்ல கண்ணைக் கையால மூடிப் பார்த்தாரு. புள்ள அழுதுச்சு. ரெண்டு தரம் பார்த்தாரு. பாதி நெய்த சேலை தறியில நிக்குது. அதும் மேல துணியைப் போத்திட்டு, சட்டையை எடுத்து மாட்டிக்கினாரு. "கெளம்பு"ன்னாரு. நாளைக்கு வரைக்கும் கூட காத்திருக்கல. மத்தியான பஸ்ஸுல மெட்ராஸ் போய், சொந்தக்காரங்க வீட்ல தங்கி, மறுநாள் காலையில பெரியாஸ்பத்திரியில வரிசையில நின்னோம்.

அங்க ஒரு லேடி டாக்டர். துணியை அவுத்துப் பார்த்துட்டு, என்னைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன், திட்டல. "குழந்தை பொறந்த உடனே முழுப் பார்வையோட பொறக்கறதில்லம்மா. நடக்கக் கத்துக்கற மாதிரி பார்க்கவும் கத்துக்குது. மூடியே வெச்சா அந்தக் கண்ணு கத்துக்காமலே நின்னுடும். அப்புறம் திறந்து வுட்டாலும் பார்க்காது"ன்னாங்க. கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மூட வேண்டிய கண்ணு இது இல்ல. அது"ன்னு நல்ல கண்ணைக் காட்டினாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. நல்லா இருக்கிற கண்ணை எதுக்கு மூடணும்? பொறுமையா சொன்னாங்க. கட்டி சுருங்கறதுக்கு மாத்திரை தர்றோம், இப்போ கொஞ்ச காலமாத்தான் இதுக்கு இந்த மருந்தைக் குடுத்துப் பார்க்கறோம், ஆறு மாசத்துலயே வந்துட்டதால கேக்கும்னு நம்பறோம். இமை கொஞ்சம் ஏறினதும் தினமும் ஒரு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வையுங்க, அப்போதான் சோம்பேறிக் கண்ணு வேலை செய்யும்னாங்க. சாயம் தெறிச்சதாலயான்னு நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரிச்சுட்டு, "இந்தக் கட்டி வர்றதுக்கு நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா, கிரகணமும் இல்ல, சாயமும் இல்ல. எதனால வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது"ன்னாங்க. அங்கயே உக்காந்து அழுதேன். ஆறு மாசமா நெஞ்சுல இருந்த கல்லு அது.

மாத்திரையைப் பொடி பண்ணி, பால்ல கொழைச்சுக் குடுப்பேன். நீங்களா நிறுத்தக் கூடாது, நாங்க சொல்லச் சொல்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், காய்ச்சல் வந்தா ஓடி வந்துடணும்னு ஆயிரம் எச்சரிக்கை. பத்து நாளைக்கு ஒரு தடவை பஸ் ஏறுவோம். மருந்துல பாப்பா மூஞ்சி இட்லி மாதிரி உப்பிக்கிச்சு. தெருவுல "புள்ள நல்லா தேறிடுச்சே"ன்னு சொன்னாங்க, சிரிக்கறதா அழறதா!

ஒரு மாசத்துல கட்டி நடுவுல சாம்பல் பூத்துச்சு. இமை ஏற ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம்தான் பெரும்பாடு. நல்ல கண்ணுல பஞ்சு வெச்சு பிளாஸ்திரி ஒட்டினா, பாப்பா போடற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேக்கும். "நொள்ளக் கண்ணை திறந்து வுட்டுட்டு நல்ல கண்ணை மூடறாளே, இவ தாயா பேயா?"ன்னு வாசல்ல வந்து நின்னு கேட்டாங்க. பழைய நானா இருந்தா ஒரு வழி பண்ணியிருப்பேன். பல்லைக் கடிச்சுக்கினு இருந்தேன். பிச்சுப் போடலாம்னு எத்தினியோ தரம் கை போகும். அப்போல்லாம் அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கினு நின்னது ஞாபகம் வரும். கைய இழுத்துக்குவேன்.

வீட்டுக்காரர் தறியில மிச்சம் விழுற பட்டு நூலை எல்லாம் கலர் கலரா குஞ்சம் கட்டி, தூளிக்கு மேல தொங்க வுட்டாரு. தினமும் அந்த ஒரு மணி நேரம் பாப்பா அழுதுட்டு, எங்கயோ பார்த்துக்கினு படுத்திருக்கும். மூணு வாரம் இப்படி. ஒரு நாள் சத்தமே இல்ல. என்னடான்னு பதறி எட்டிப் பார்த்தேன். நல்ல கண்ணுல பிளாஸ்திரி ஒட்டினபடி இருக்குது. பாப்பா கைய தூக்கி, சிவப்புக் குஞ்சத்தைப் பிடிச்சு இழுத்துக்கினு இருந்துச்சு. தப்பாம, துழாவாம, நேரா அதைப் பிடிச்சுது. "என்னாங்க, இங்க வாங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல, தறிக்குழியில இருந்து எழுந்து ஓடி வந்தவர் நெத்தியில இடிச்சுக்கினாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம், அழுதோம்.

ஸ்கூல் சேர்க்கும்போது கட்டி இருந்த இடத்துல கொஞ்சம் தொளதொளன்னு வெளுத்த தோலு மட்டும்தான் மிச்சம். இடது கண்ணுக்குக் கண்ணாடி போடணும்னாங்க, போட்டோம். தூரத்துல பஸ் வரும்போதே நம்பரைச் சொல்லிடுவா.

அந்தக் கல்யாணப் பொண்ணு என்ன ஆனா? எனக்குத் தெரியாது. எந்த ஊருன்னு முதலாளி வீட்ல கேட்டேன், திட்டிதான் அனுப்பினாங்க. ஒரு சேதி மட்டும் வந்துச்சு. அந்த வருஷம் சித்திரையிலயோ வைகாசியிலயோ, ஒரு வாலிபப் பையன் தனியா முதலாளி வீட்டுக்கு வந்து, "தையில ஒரு பொண்ணு கை வெச்சுப் பார்த்த மாம்பழக் கலர் சேலை இருக்குதா"ன்னு கேட்டு வாங்கிக்கினு போனானாம். மாப்பிள்ளையா, அண்ணன் தம்பியான்னு முதலாளி கேட்டுக்கல. மாப்பிள்ளைதான்னு நான் நெனைச்சுக்கினு இருக்கேன். இல்லன்னா என்னால தாங்க முடியாது.

என் மகளுக்கு வரன் பார்க்க வந்தப்போ, சொந்தக்காரங்க எல்லாம் ஒரே பாட்டு. "கண்ணாடியைக் கழட்டி, கொஞ்சம் பவுடர் போட்டா ஒண்ணும் தெரியாது. நீ வாயத் திறக்காதே"ன்னாங்க. நான் திறந்தேன். காபி குடுக்கறதுக்கு முன்னாடியே கட்டி, மருந்து, கண்ணாடி எல்லாத்தையும் சொன்னேன். முதல்ல வந்தவங்க காபி குடிக்காமலே எழுந்து போயிட்டாங்க. அதுக்கு அடுத்து வந்தவங்க கேட்டுட்டு, "அதனால என்னம்மா"ன்னு உக்காந்தாங்க. இப்போ எனக்கு ரெண்டு பேரப் பசங்க.

மக வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைக்கும்போதெல்லாம், நான் போட்ட சத்தத்துக்கு பதிலா தன் ரகசியத்தையே எடுத்துக் குடுத்துட்டுப் போன, பேரு கூட நான் கேட்டு வெச்சுக்காத அந்தப் பொண்ணுகிட்ட, 'என்னை மன்னிச்சுடும்மா, எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்'னு மனசுக்குள்ள ஒரு தரம் சொல்லிக்கிறேன்.